இரண்டு காதும் தெரிய எடுத்த படம்

786

திருப்பாதிரிப்புலியூர்
10-11-1966

அன்புத் தம்பி நூர்முகம்மதுவுக்கு உன் அக்கா ஆசியா உம்மாளின் ஸலாம். ஹாங்காங்கில் குளிர் தொடங்கியிருக்கும். கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு இதைப் படி. இங்கே அடைமழை. கெடிலம் ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது. உன் மச்சானுக்கு முழங்கால் வலி கொஞ்சம் ஜாஸ்தி, அதனால் வாயும் ஜாஸ்தி. பிள்ளைகள் சுகம்.

நீ கேட்ட காரியத்தை முடித்துவிட்டேன். அந்த ஊரில் கல்யாணத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளையும் பெண்ணும் ஸ்டூடியோவுக்குப் போய், வாடகைக்கு உடுப்பு வாங்கி மாட்டிக்கொண்டு, கல்யாணப் படம் எடுத்துவிடுவார்கள், விருந்தன்று அதை வாசலில் வைப்பார்கள் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிக்காஹ் ஆகாத பெண்ணுக்குக் கல்யாணப் படமா? அதுவும் பெண் சிதம்பரத்தில், மாப்பிள்ளை ஹாங்காங்கில். அவள் படத்தை அனுப்பினால், உன் தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சீனப் பெரியவர் வெட்டி ஒட்டி உன் பக்கத்தில் சேர்த்துவிடுவார் என்கிறாய். வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் மே மாதம் லீவு கிடைக்கிற வரைக்கும் சுவரிலாவது அவளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அதற்கு மேல் எனக்கு மனசு வரவில்லை. ஐந்து வருஷமாய் ஒண்டியாகக் கிடக்கிறவன்.

சிதம்பரம் போய்ப் பெண் வீட்டில் ருக்கையா மாமியிடம் பேசினேன். மாமி முதலில் முடியவே முடியாது என்றார்கள். பிறகு மாப்பிள்ளை கேட்டால் எப்படி இல்லையென்பது என்று அவர்களே இறங்கி வந்தார்கள். மாமி மகள் சுல்தானா உள்ளே போய்ப் புதுப்புடவையை எடுத்து வைத்தாள். அதிலேயே தெரிந்துகொள். ஜட்கா வண்டிக்குத் திரை போட்டு, வைத்திலிங்கம் என்பவருடைய ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனோம்.

சீனப் பெரியவர் எழுதச் சொன்னதாக நீ எழுதிய முறையை வைத்திலிங்கத்திடம் படித்துக் காட்டினேன். பெண் நிற்க வேண்டும், வலது தோள் பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டும், கண்ணைத் தாழ்த்த வேண்டும், பக்கத்தில் மாப்பிள்ளை நிற்கிற மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டும். அவரும் அப்படித்தான் நிறுத்தினார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் காது மடல் முழுக்க அலுக்கத்து நகை, ஒரு காதுக்கு ஏழு. முகத்தைத் திருப்பினால் ஒரு காதுதானே தெரியும்? மற்ற காது மூளி என்று நாலு பேர் நினைக்கவா? முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, நாற்காலியில் உட்கார வைத்து, கை இரண்டையும் முழங்கால்மேல் வைத்து, நேரே பார்க்கச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் இரண்டும் தெரிய. வைத்திலிங்கம் முனகினார். நீங்க படம் புடிக்கிற வேலையைப் பாருங்க என்றேன். பெண் இமைகூட அசைக்கவில்லை.

படம் இதனுடன் ரிஜிஸ்டரில் வருகிறது. ஒழுங்காகச் சாப்பிடு. உன்னை அல்லாஹ்வின் காவலில் ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு
அக்கா ஆசியா உம்மாள்


786

திருப்பாதிரிப்புலியூர்
18-1-1967

அன்புத் தம்பிக்கு ஸலாம். உன் கடிதமும், சேர்த்து எடுத்த படமும் நோன்புப் பெருநாளைக்கு மறுநாள் வந்தன. எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை.

படத்தைப் பார்த்தேன். நீ கோட்டுப் போட்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி அவளைப் பார்க்கிறாய். அவள் உன்னைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நேராக எங்களைப் பார்க்கிறாள். அவள் காலடியில் வெள்ளைப் பூவை அந்தப் பெரியவர் வரைந்து சேர்த்திருக்கிறார். உன் மச்சான் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, இதை அலமாரிக்குள்ளே வை என்றார்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ சிரிப்புக்கு எழுதுகிறாய். பெரியவர் படத்தைக் கொடுக்கும்போது உன்னைப் பார்த்து மூன்று தடவை குனிந்தாராம். உன்னோடு வேலை பார்க்கும் சீனர்தான் பிறகு விளக்கினாராம். இரண்டு காதும் தெரிய, கை முழங்கால்மேல், நேருக்கு நேர் பார்க்கிற படம் அவர்கள் பக்கத்தில் இறந்தவர்களுக்கு எடுப்பதாம். உயிரோடு இருக்கிற கல்யாணப் பெண் மாப்பிள்ளை பக்கம் திரும்பித்தான் நிற்பாளாம். நிச்சயம் பண்ணின பெண் செத்துப்போனால், மாப்பிள்ளை அவள் படத்தோடு சேர்ந்து படம் எடுத்து அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொள்வது அந்தப் பெரியவருடைய கிராமத்து வழக்கமாம். அவர் அதைத்தான் செய்து கொடுத்திருக்கிறார். 'கெழவன் நம்ம சுல்தானாவ மவுத்தாக்கிட்டான்க்கா' என்று எழுதியிருக்கிறாய். இது எழுதுகிற வார்த்தையா?

அதற்கு மேலும் ஒன்று எழுதியிருக்கிறாய். நீ காமிராவுக்கு முன்னால் நின்றபோது, அவர் சொல்லச் சொன்ன சீன வார்த்தையை அர்த்தம் தெரியாமலே மூன்று தடவை சொன்னாயாம், அவள் பேரையும் சேர்த்து. வா, என்னோடு வந்து இரு என்பது அர்த்தமாம். டிசம்பர் முதல் தேதி, வியாழக்கிழமை, பகல் ஒரு மணி.

நூரு, நான் அன்றைக்குச் சிதம்பரத்தில் இருந்தேன். பராத்து இரவுக்குப் போனவள் இரண்டு நாள் கூடத் தங்கினேன். நல்ல வெயில் அடிக்கிற காலை நேரம். நானும் சுல்தானாவும் முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தோம். தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் பத்தரை மணி இன்டர்வெல் மணி அடித்து அடங்கியது. அவள் தலையைத் தூக்கி, 'தோ வந்துட்டேன்' என்றாள். எழுந்து கையைக் கழுவி, வாசலுக்குப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். யாரும் இல்லை. யாருடி கூப்பிட்டது என்று கேட்டேன். ஆம்பளைக் குரல், மூணு தடவை, காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது என்றாள். நான் கேலி பண்ணினேன். மே மாதம் வருகிறவனுக்கு இப்பவே செருப்பு மாட்டிவிட்டாயா என்றேன். அவளும் சிரித்தாள்.

சிங்கப்பூரில் இருந்த உன் மச்சான் கணக்குப் போட்டுச் சொன்னார். அங்கே ஒரு மணி என்றால் இங்கே பத்தரை.

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். அல்லாஹ்வைத் தவிர யாருக்கு என்ன சக்தி? ஆனால் அன்றையிலிருந்து தினமும் பத்தரை மணிக்கு அவள் வந்துட்டேன் என்கிறாள் என்று ருக்கையா மாமி அழுகிறார்கள். நோன்பு மாதத்தில் இளைத்தாள், எல்லாப் பெண்களும் இளைக்கிறதுதானே என்று விட்டுவிட்டோம். பெருநாள் கழிந்தும் சோறு இறங்கவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, 'இப்பதான் அவுங்களோட சாப்பிட்டேன்' என்கிறாள். என்ன சாப்பிட்டாய் என்றால், மீன் போட்ட கஞ்சி, நீலப்பூ வரைந்த கிண்ணத்தில் என்கிறாள். இங்கே யாருடைய வீட்டில் அந்தக் கிண்ணம் இருக்கிறது?

இரும்புப் படிக்கட்டு ஏறி மூன்றாவது மாடி, பக்கத்து வீட்டு ஜன்னலில் குருவிக்கூண்டு என்றும் சொல்கிறாள். நீ எனக்கு எழுதியதே இல்லை. அவளுக்கு நீ கடிதம் போட்டதும் இல்லை. இருக்கிறதா, இல்லையா, அதை மட்டும் எழுது.

நீ உடனே அந்தப் பெரியவரிடம் போ. பெண் உயிரோடு இருக்கிறாள், எங்கள் ஊர் போட்டோக்காரர் தப்பாக எடுத்துவிட்டார் என்று சொல். செய்ததைத் திருப்பிச் செய்ய வழி கேள். ஒரு நாள்கூடத் தள்ளாதே.

இப்படிக்கு
அக்கா ஆசியா உம்மாள்


786

சிதம்பரம்
20-2-1967

அன்புத் தம்பி நூர்முகம்மதுவுக்கு ஸலாம். பத்து நாளாக மாமி வீட்டில் இருக்கிறேன். இங்கே எலெக்‌ஷன் கூச்சல், ஜீப்பு ஜீப்பாகப் போகிறது. இந்த வீட்டில் மட்டும் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. உன் பதிலை உன் மச்சான் நேற்று ரயிலில் கொண்டுவந்து கொடுத்தார்.

குருவிக்கூண்டு இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நீலக் கிண்ணம் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. தினமும் ஒரு மணிக்கு அறைக்கு வந்து, படத்துக்கு எதிரில் அவளுக்கும் ஒரு கிண்ணம் வைத்து, வா சுல்தானா சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுகிறாய். அவள் மேல் எவ்வளவு ஆசை இருந்தால் இப்படிச் செய்வாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவள் அங்கே சாப்பிடுகிறாளடா. இங்கே கையெல்லாம் குச்சியாகிவிட்டது. வளையல் முழங்கைக்கு ஏறுகிறது. பெரிய டாக்டர் வந்து பார்த்து நோய் ஒன்றுமில்லை, டானிக் கொடுங்கள் என்று போய்விட்டார். ஹஜரத் ஓதி ஊதினார். அவர் ஓதிக்கொண்டிருக்கும்போதே பத்தரை ஆயிற்று. அவள் மரியாதையாக எழுந்து, கொஞ்சம் இருங்க, அவுங்க கூப்பிடுறாங்க என்று வாசலுக்குப் போனாள். ஹஜரத் கிதாபை மூடிவிட்டார்.

இன்னொன்றும் சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். படத்தில் அவள் முகம் உன் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிற மாதிரி இருக்கிறதாம். முதலில் கண் கோளாறு என்று நினைத்தாயாம். இப்போது வலது காது தெரியவில்லையாம், இடது காது மட்டும்தான் தெரிகிறதாம், உன்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கிறதாம்.

தம்பி, ஒரு மாதமாக அவள் கழுத்து வலது தோள் பக்கம் திரும்பிக்கொண்டே வருகிறது. முதலில் சுளுக்கு என்று தைலம் தேய்த்தோம். இப்போது நேராகத் திருப்பிவிட்டால் நிற்பதில்லை. மெதுவாக, தானாக, அந்தப் பக்கமே போய்விடுகிறது. வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்கவில்லை, அங்கதானே பாக்கணும் என்றாள். இன்று காலையில் அவளுக்குத் தலை சீவ எதிரில் உட்கார்ந்தேன். என் கண்ணுக்கு ஒரு காதுதான் தெரிந்தது.

சீனப் பெரியவர் சொன்னதை நீ எழுதியிருக்கிறாய். பெண் உயிரோடு இருக்கிறாள் என்றதும் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். அப்புறம் ஏன் இரண்டு காதும் தெரிய எடுத்தார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். பாவம், அவர் மேல் குற்றமில்லை. வைத்திலிங்கம் மேலும் இல்லை. போன கடிதத்தில் அவர் தலையில் பழியைப் போட்டேன். நான்தான் நூரு. நாலு பேர் பார்த்து மெச்ச வேண்டும் என்று நான்தான் உட்கார வைத்தேன், நான்தான் முக்காட்டை ஒதுக்கினேன். இதை மாமியிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அவர்கள் என்னைப் பார்த்து, நீ கூட இருக்கிறதே ஆறுதல் என்கிறார்கள்.

வழி ஒன்றுதான் என்று சீனப் பெரியவர் சொன்னாராம். கூப்பிட்டவனே படத்துக்கு முன்னால் நின்று, அவள் பேரைச் சொல்லி, உனக்கு இங்கே இடமில்லை, நீ எனக்கு யாருமில்லை என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவளை எந்தக் காலத்திலும் கட்டக் கூடாது, முகத்திலும் விழிக்கக் கூடாது. மனசில்லாமல் சொன்னால் பலிக்காது. நீ இரண்டு நாள் நின்று பார்த்தாயாம், வாய் வரவில்லையாம். மே மாதம் வந்து நிக்காஹ் செய்து அவளைக் கையோடு கூட்டிப் போகிறேன், அதுவரைக்கும் பார்த்துக்கொள் அக்கா என்று முடித்திருக்கிறாய்.

மே மாதம் வரைக்கும் பார்த்துக்கொள்ள இங்கே ஆள் இருக்க மாட்டாள். நேற்றைக்கு வாசலில் பிடித்துக்கொண்டேன். என் கையில் கனமே இல்லை. உலர்ந்த துணியைப் பிடிக்கிற மாதிரி இருந்தது. அவள் என்னைப் பார்க்காமலே, 'வுடுங்கக்கா, லேட்டாவுது' என்றாள். கோபமாகக்கூட இல்லை. பஸ்ஸுக்குப் போகிறவள் சொல்கிற மாதிரி சொன்னாள்.

நீ அவளை எவ்வளவு ஆசையாய்க் கூப்பிடுகிறாயோ அவ்வளவு சீக்கிரம் வருவாள். வந்துவிட்டால் இங்கே நாங்கள் தூக்கிக் கொண்டுபோய் அடக்கம்தான் செய்ய வேண்டும். ஐந்து வருஷமாய் ஒண்டியாகக் கிடந்தவனிடம் இதைக் கேட்க எனக்கே நாக்கு கூசுகிறது. வேறு யாரிடம் கேட்பேன்? கிண்ணத்தை எடுத்துவிடு. அவள் படத்துக்கு முன்னால் போய் நில். அந்த மூன்று தடவையையும் சொல்லிவிடு. அழுதுகொண்டே சொல்லாதே, அழுகை வந்தால் முகத்தைக் கழுவிவிட்டு வந்து சொல். இங்கே என்றைக்கு அவள் சோறு கேட்கிறாளோ, அன்றைக்கு நீ சொல்லிவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன்.

மாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான், துரோகி என்று ஊரெல்லாம் சொல்லட்டும், நானே முதல் ஆளாகச் சொல்கிறேன். நீ மே மாதம் வரும்போது அவள் வேறொருத்தன் வீட்டில் அடுப்பு ஊதிக்கொண்டிருக்கட்டும். அந்தத் தெருப் பக்கம் நீ போகாதே. நானும் அவள் எப்படியிருக்கிறாள் என்று உனக்கு எழுத மாட்டேன், நீயும் கேட்கக் கூடாது. உயிரோடு இருக்கிறாள் என்று மட்டும் மனசுக்குள் வைத்துக்கொள்.

எந்த அக்காவும் தம்பிக்காக இப்படி துஆ கேட்டிருக்க மாட்டாள். அல்லாஹ் உன் நெஞ்சை ஒரு நிமிஷத்துக்குக் கல்லாக்கி வைக்கட்டும். அந்த நிமிஷம் முடிந்த பிறகு எத்தனை நாள் வேண்டுமானாலும் அழு. என்னைத் திட்டிக் கடிதம் எழுது, ஒன்று விடாமல் படிக்கிறேன்.

மணி பத்தேகால் ஆகிறது. நான் வாசலுக்குப் போக வேண்டும்.

உன் அக்கா
ஆசியா உம்மாள்