நாலாவது பெயர்

சிட்லபாக்கம்,
மே 12

அன்புள்ள ஜெரோம் அவர்களுக்கு,

தோத்தாத்ரியின் வணக்கம். நானும் வேதாவும் சௌக்கியம். உங்களுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, டொரண்டோவில் மகள் ரேஷ்மா வீட்டில் கைத்தடியோடு நடக்கப் பழகுகிறீர்கள் என்று ஷீலா டீச்சர் சொன்னார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

வாட்ஸப் இருக்கும்போது இந்த மனிதன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நம் நிவாரணக் குழுவின் குரூப்பில் மேடவாக்கம் அபார்ட்மென்ட்காரர்கள் எழுபது பேர் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படக்கூடாத விஷயம் இது. தவிர, முப்பத்தொரு வருஷம் சிவில் சப்ளைஸில் ரேஷன் கார்டுகளோடு குப்பை கொட்டியவன் நான். எழுத்தில் இருந்தால்தான் எனக்கு அது விஷயம்.

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன நோட்டை வைத்துக்கொண்டு, போன சனிக்கிழமை கேளம்பாக்கம் முகாமில் முதல் தடவையாக நானே நின்று சாமான் கொடுத்தேன். பத்தொன்பது குடும்பமும் வரிசையாக வந்தார்கள். பர்மாவில் உள்நாட்டுச் சண்டையில் ஊர் எரிந்து ஓடிவந்தவர்கள் என்றீர்களே, ஒன்பது வருஷத்தில் நம்மைவிட நன்றாக மெட்ராஸ் தமிழ் பேசுகிறார்கள். அபார்ட்மென்ட்காரர்கள் அனுப்பிய மூட்டையில் கல்யாண ஷெர்வானி இரண்டு இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று ஷீலா டீச்சர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். நோட்டில் பதினோராவது குடும்பம், சென்வாரா. அவள், இரண்டு பெண்கள், புருஷன் ஜாஃபர் ஆலம். ஆக நாலு பேருக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு. அந்த ஜாஃபர் ஆலத்தை நான் பார்க்கவில்லை. ஷீலா டீச்சரும் பார்த்ததில்லையாம். கேட்டதற்கு, ஜெரோம் சார் அப்படித்தான் எழுதுவார் என்று சொல்லிவிட்டுப் பருப்பு மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டார். சென்வாராவும் என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினாள். குறித்துக்கொண்டேன்.

நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஒவ்வொரு மாதமும் அந்த நாலாவது பெயருக்கு நேரே, குறிப்பு என்ற இடத்தில், உங்கள் கையெழுத்தில் ஒரே வார்த்தை: வருவார். எப்போது வருவார், ஐயா? எந்த பஸ்ஸில்? வருஷக்கணக்காக வராத ஒரு மனிதனுக்கு நீங்கள் அரிசி அளந்திருக்கிறீர்கள்.

நீங்கள் தப்பானவர் என்று சொல்லவில்லை. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? உங்களை ஏமாற்றுகிறார்களா, இல்லை உங்களுக்குத் தெரிந்தே நடக்கிறதா? இரண்டில் எது என்று மட்டும் எழுதுங்கள். முகாமுக்கு வெளியே எட்டுக் குடும்பம் நம் பட்டியலில் இடம் கேட்டுக் காத்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள்,
தோத்தாத்ரி


சிட்லபாக்கம்,
ஜூலை 7

அன்புள்ள ஜெரோம்,

போன மாதம் நீங்கள் வேதாவுக்குப் போன் செய்து, தோத்தாத்ரியிடம் சொல்லுங்கள், அந்த நாலாவது பெயரில் கை வைக்க வேண்டாம், விவரமாகக் கைப்பட எழுதுகிறேன் என்று சொன்னீர்களாம். என்னோடு பேசாமல் வேதாவோடு ஏன் பேசினீர்கள்? ஒரு மனிதர் கடல் தாண்டி இருந்துகொண்டு ஒரு பெயருக்காக இத்தனை அவசரப்பட்டால் என் மாதிரி ஆளுக்கு மூக்கு வியர்க்காதா? உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. காத்திருந்து பார்த்தேன். பிறகு என் வழியில் இறங்கிவிட்டேன்.

ஜூன் மாதச் சாமான் கொடுத்த அன்று சென்வாராவின் பின்னாலேயே நடந்தேன். மற்றச் சாமானை முகாமில் வைத்துவிட்டு, ஒரு சின்ன அரிசிப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு நேரே ஜங்ஷனுக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டை ஒட்டி எல்லம்மா என்று ஒருத்தி இட்லிக் கடை வைத்திருக்கிறாள். பையோடு உள்ளே போனவள் வெறுங்கையோடு வெளியே வந்தாள். நான் எதிரில் டீக்கடையில் நின்று பார்த்தேன். நாம் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிய அரிசி இட்லியாகி விற்கிறது!

அடுத்த செவ்வாய்க்கிழமை முன்னறிவிப்பு இல்லாமல் அவள் இருப்பிடத்துக்கே போனேன். போலி கார்டு பிடிக்கும் வித்தையெல்லாம் மறந்து போகுமா? வாயால் சொல்லும் கணக்கை நம்பக்கூடாது, செருப்பை எண்ண வேண்டும், பல் தேய்க்கும் பிரஷ்ஷை எண்ண வேண்டும். செருப்பு மூன்று ஜோடி. பிரஷ் மூன்று. ஆனால் தட்டு நாலு! ஆணியில் நீலக் கட்டம் போட்ட ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். கடை மடிப்புக்கூடக் கலையவில்லை, ஒரு நாளும் யாரும் போட்டதில்லை. என்னைப் போல யாராவது சோதிக்க வந்தால் காட்டுவதற்கென்றே மாட்டி வைத்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். புருஷன் எங்கே என்று கேட்டேன். வருவாரு சார் என்றாள். உங்கள் நோட்டில் உள்ள அதே வார்த்தை. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டீர்களோ என்றுகூடத் தோன்றியது, மன்னிக்கவும்.

நேற்று முன்தினம், ஜூலை மாதச் சாமான் கொடுக்கும்போது, முறைப்படி பெயரை நீக்கினேன். எங்கள் அலுவலகத்தில் இருந்த மாதிரியே ஒரு பெயர் நீக்கப் படிவம் தயார் செய்திருந்தேன். அதில் காரணம் மூன்றுதான்: திருமணம், இடமாற்றம், இறப்பு. திருமணம் பெண்களுக்கு. இடமாற்றம் என்றால் புது விலாசம் வேண்டும், அது இல்லை. மிச்சம் இருந்ததை டிக் அடித்து, நோட்டிலும் சிவப்பு மையால் கோடு போட்டேன். டெல்லியில் காணாமல் போனவர்களைத் தேடும் அமைப்புக்கு நீங்கள் வருஷா வருஷம் பட்டியல் அனுப்புவீர்களாமே, அவர்களுக்கும் நகல் என்று படிவத்தின் அடியிலேயே எழுதி, திருத்திய பட்டியலை அன்றே தபாலில் சேர்த்தேன்.

படிவத்தில் கையெழுத்துக் கேட்டபோது, மூத்த பெண் அதை அம்மாவுக்குப் படித்துச் சொன்னாள். சென்வாரா கையெழுத்துப் போடவில்லை. சண்டையும் போடவில்லை. அளந்து வைத்த சாமானை அப்படியே விட்டுவிட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று ஷீலா டீச்சரிடம் சொன்னேன். அவர் நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் வர முடியாது சார் என்றார். அவரையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

நான் செய்ததில் தவறு இருந்தால் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.

தங்கள்,
தோத்தாத்ரி


சிட்லபாக்கம்,
ஜூலை 16

ஜெரோம்,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தபாலில் இருபது நாள் கிடந்திருக்கிறது. அது ஒரு வாரம் முன்னால் வந்திருக்கக்கூடாதா? வந்திருந்தாலும் நான் நம்பியிருப்பேனா என்று வேதா கேட்கிறாள்.

ஆற்றங்கரையில் மனைவியையும் இரண்டு கைக்குழந்தைகளையும் படகில் ஏற்றிவிட்டு, அம்மாவை அழைத்துக்கொண்டு அடுத்த படகில் வருகிறேன் என்று திரும்பிப் போன மனிதன் ஜாஃபர் ஆலம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் மாதம் எத்தனை பேருக்கு அரிசி என்று நீங்கள் கேட்டதற்கு நாலு பேர் என்றாள், நீங்கள் நாலு என்று எழுதினீர்கள். வருவார் என்பது என் வார்த்தை இல்லை, அவள் ஒவ்வொரு மாதமும் சொன்னது, நான் எழுதிக்கொண்டேன் என்கிறீர்கள். படித்துவிட்டு உடனே பஸ் ஏறினேன்.

அப்போதும் சந்தேகம் முழுசாகப் போகவில்லை, பொய் சொல்வானேன். இவ்வளவு பிரியமுள்ளவள் அவன் பங்கு அரிசியை ஏன் விற்க வேண்டும்? அதனால் முதலில் எல்லம்மா கடைக்குத்தான் போனேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இன்னா சார், டீக்கடையாண்ட நின்னு வேவு பாத்துகினு இருந்த ஆளுதானே நீ என்றாள். அது விக்கிற அரிசி இல்ல சார், நானும் அவளுமா கஞ்சி வெச்சு, பஸ் ஸ்டாண்டுல நாதியில்லாம சுத்திகினு கீறவங்களுக்கு ஊத்துறோம் என்றாள். நான் இங்க ஒருத்தனுக்கு ஊத்துனா, அங்க எவளாவது எங்க வூட்டுக்காரருக்கு ஊத்துவான்னு அவ கணக்கு சார், அதுல போயி இன்னா கண்டுபுட்சே என்று கேட்டாள். இட்லி வாங்க வந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெட்கத்தோடு சென்வாராவிடம் போனேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டேன் என்று சொல்லி வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவள் எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்து, யார் சார் உனக்குச் சேதி சொன்னது என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. எந்தச் சேதி என்றேன். எந்த ஊர்ல, எங்க பொதச்சாங்க, அது மட்டும் சொல்லு சார் என்றாள்.

ஜெரோம், என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒரு சேதியும் இல்லையம்மா, படிவத்தில் மூன்று கட்டம்தான் இருந்தது, மற்ற இரண்டும் பொருந்தவில்லை, அதனால் மூன்றாவதில் டிக் அடித்தேன் என்று சொன்னேன். சொல்லும்போதே என் காதுக்கே அது அபத்தமாகக் கேட்டது. அவள் நம்பவில்லை. நீ கவர்மென்டுல இருந்த ஆளு, தெரியாம எழுதுவியா, டெல்லிக்கு வேற அனுப்பிக்கீறே, பொம்பள அழுவான்னு மறைக்காத சார் என்றாள். மூன்று தடவை சத்தியம் செய்தேன். ஒவ்வொரு தடவையும் என் கண்ணையே பார்த்தாள். நான் இரண்டு மாதமாக அவளை எப்படிப் பார்த்தேனோ அப்படி.

எழுந்திருக்கும்போது பழக்கதோஷம், எண்ணிவிட்டேன். தட்டு மூன்றுதான் இருந்தது. ஆணியில் சட்டை இல்லை.

டெல்லிக்கு அன்றே போன் செய்தேன். நல்லவேளை, இன்னும் அவனைத் தேடும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் பட்டியல் எப்போதும் ஜெரோம் பெயரில்தான் வரும், அவர் எழுதினால்தான் திருத்துவோம் என்கிறார்கள். கண்டிப்பான ஆட்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன், கிடைத்த அன்றே அவர்களுக்கு ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள், ரேஷ்மா உதவி செய்வாள்.

ஷீலா டீச்சர் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நோட்டில் சிவப்புக் கோட்டை அழிக்க முடியவில்லை. அதற்குக் கீழே புது வரியில் ஜாஃபர் ஆலம் பெயரைத் திரும்ப எழுதி, குறிப்பு என்ற இடத்தில் உங்கள் வார்த்தையை என் கையால் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு போய் சென்வாராவிடம் காட்டினேன். படித்துச் சொல்லப் பெரியவளைக் கூப்பிடக்கூட இல்லை. நீ எழுதினா எழுது சார் என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

என் எழுத்தை அவள் இனிமேல் நம்ப மாட்டாள். உங்களுடையதை நம்புவாள். பெரியவளுக்கு உங்கள் கையெழுத்து நன்றாகத் தெரியும். அவர்களுக்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள், பெரிய எழுத்தில். ஜாஃபர் ஆலத்தைப் பற்றி இன்றுவரை யாருக்கும் எந்தச் சேதியும் வரவில்லை என்று எழுதுங்கள். தோத்தாத்ரிக்கு ஒன்றும் தெரியாது, அவன் ஒரு மடையன், எதையும் மறைக்கிற அளவுக்கு அவனுக்கு விவரம் போதாது என்றும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் மடையன் என்பதை அவள் நம்பியாக வேண்டும்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமைக்கு முன்னால் கிடைக்கும்படி, கூரியரிலேயே அனுப்புங்கள். பதினோராவது குடும்பத்துக்கு நாலு பேர் பங்கை எடுத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
தோத்தாத்ரி