மாடிக்குப் போகும் வால்வு

என்னங்க,

"அம்மா, ரைவல்னா யாரு? அப்பா போன்ல சித்தப்பாவை அப்படிச் சொன்னாரே?" என்று நேற்று மகள் கேட்டாள். எதிரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அகராதியைப் பார்த்தேன். லத்தீனில் அந்தச் சொல்லின் மூலத்துக்கு, ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவர்கள் என்று பொருளாம்.

"அப்போ சரிதாம்மா! அவங்களுக்கும் நமக்கும் ஒரே டேங்க்தானே?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டி நிறுத்தும் இடத்துக்காகத் தம்பியோடு சண்டை போட்டீர்கள். அதற்காக மாடிக்குப் போகும் வால்வை மூடினீர்கள். பிறகு நீங்கள் மட்டும் நன்றாகக் குளித்துவிட்டுச் சாமி கும்பிட்டீர்களே, எதைக் கேட்டுக் கும்பிட்டீர்கள்? வால்வை நான் தொடவில்லை. மூடிய கையே திறக்கட்டும்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள். சாவி ஜன்னல் ஓரத்தில். மாலையில் மகளை நீங்கள்தான் கூட்டிவர வேண்டும்.

இன்னொன்று. எனக்கு ஆபரேஷன் ஆன சமயத்தில், உங்கள் தம்பி மனைவி தினமும் விடியுமுன் இறங்கி வந்து நம் துணிகளைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுப் போவாள். நான் துவைத்ததாகவே நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். அவளும் ஒருநாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. இன்று அவர்கள் எழுந்திருக்குமுன் இரண்டு வாளித் தண்ணீரை மாடி வாசலில் வைத்து, தட்டு போட்டு மூடிவிட்டு வந்தேன். கதவைத் தட்டவில்லை.