எதிர்க்கடைக்காரரை என்னவென்று சொல்வது

அண்ணே, இன்று காலை சம்பங்கிக் கூடையைப் பிரித்ததும் வாசனை குப்பென்று வந்தது. என் கண் தானாக உங்கள் கடைப் பக்கம் போனது. ஷட்டர் இறங்கியே கிடக்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் வேவு பார்க்கும் புத்தி எனக்குப் போகவில்லை, பாருங்கள்.

சிராங்கூன் ரோட்டுச் சந்தில் எதிரெதிரே நம் இரண்டு பூக்கடைகள். வாடிக்கையாளர்களிடம் உங்களைப் 'போட்டிக் கடைக்காரர்' என்பேன், கௌரவமாக இருக்கும். வீட்டுக்காரரிடம் 'எதிரி'. பூ வரத்து குறைந்த நாளில் உங்கள் கடையில் மட்டும் கூடை நிறைந்திருந்தால் 'விரோதி'. கோபம் தலைக்கேறினால் 'ஜென்ம வைரி'. 'பகையாளி' மட்டும் வாயில் வரவில்லை. அது பேச்சுவார்த்தை முறிந்த குடும்பங்களுக்கான சொல். உங்கள் மனைவியோ தீபாவளி தவறாமல் முறுக்கு அனுப்பிவிடுவார். அதையும் வீட்டுக்காரரைத்தான் முதலில் சாப்பிட வைப்பேன்.

நீங்கள் வேறு என்னிடம் ஆள் அனுப்புவீர்கள். "மல்லி அங்க நல்லா இருக்கும்லா, தங்கச்சிகிட்ட வாங்கிக்குங்க." பேரம் பேசி உயிரை எடுப்பவர்களாகப் பார்த்துத் தள்ளிவிடுகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

வியாபாரம் படுத்திருந்த சமயம், முருகன் கோயிலில் சத்துரு சம்ஹார பூஜைக்கு என் பெயரில் சீட்டு எடுத்தேன். போய் உட்கார்ந்தால் பக்கத்தில் நீங்கள்! தூக்கிவாரிப் போட்டது.

"யாருண்ணே உங்களுக்குச் சத்துரு?"

"உனக்கு யாரும்மா?"

இருவரும் சிரித்து மழுப்பினோம். அன்றிலிருந்து எனக்கு ஒரு தலைவலி வந்தாலும் உங்கள் வேலைதான் என்று தோன்றும்.

போன வாரம் உங்கள் மகன் வந்தார், தெம்பனிஸில் ஆபீஸ் வேலை பார்ப்பவர். முகமெல்லாம் வீங்கியிருந்தது. "ஆன்ட்டி, அப்பா தவறிட்டார். மாலை நீங்கதான் கட்டணும்."

கட்டிக்கொண்டிருக்கும்போதே, மனசு கேட்காமல், அந்தப் பூஜைக்கு அப்பா யாரை நினைத்துச் சீட்டு எடுத்தார் என்று கேட்டுவிட்டேன்.

"நான்தான் அன்னைக்கு அப்பாகூட கவுன்டர்ல நின்னேன். உங்க பேரு, நட்சத்திரம் சொல்லித்தான் டிக்கெட் எடுத்தார்."

என் கை நின்றுவிட்டது. யார் பெயரில் பூஜையோ, அவருடைய எதிரிதானே அழிய வேண்டும்? கவுன்டரில் எதிரியின் பெயரைக் கேட்கிறார்கள் என்று குழம்பிவிட்டீர்களா? கோயிலுக்கே மாலை கொடுத்த உங்களுக்கு அது தெரியாதா? தெரிந்தே எனக்காகச் செய்தீர்கள் என்றால், என்ன மனுஷன் நீங்கள்! அதுவும் இருக்கட்டும், என் நட்சத்திரத்தை உங்களுக்கு யார் சொன்னது?

மாலையை முடிக்க முடியாமல் அழுதேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "எதிரி எதிரின்னு கரிச்சுக் கொட்டுவ, இப்ப என்ன இந்த அழுகை?" என்றார்.

"எதிரிதாங்க," என்றேன்.

சந்தேகம் தீரவில்லை, அண்ணே. இனி யாரிடம் கேட்பது? சந்தில் புதிதாக ஒரு பூக்கடை வருகிறதாம். அவரைப் போட்டிக்காரர் என்பேன், விரோதி என்றும் திட்டுவேன். எதிரி என்று மட்டும் சொல்ல மாட்டேன். அது உங்களுடையது.