கட்டைவிரல் உயரப் படை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தைலத்துக்கு மசிந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

ஞாயிற்றுக்கிழமை நான் போருக்குப் போய்வந்தேன். பதறாதே, மேசைமேல் நடக்கும் போர். எங்கள் ஆய்வக மேலாளர் ஒரு பொம்மைப்போர்க் கண்காட்சிக்குக் கூட்டிப்போனார். தலை நரைத்தவர்கள் பகடை உருட்டி, தையற்காரர் மாதிரி நாடா பிடித்து அளந்து, கட்டைவிரல் உயர வீரர்களை நகர்த்துகிறார்கள். மேலாளரும் ஒரு மேசையில் எதிராளியோடு ஆட உட்கார்ந்தார். பார்க்கக் குனிந்தேன். என் துப்பட்டா மேலாளரின் குதிரைப்படையை மொத்தமாக வாரிச் சுருட்டிவிட்டது!

என் வேலைக்கு உலை வைத்துக்கொண்டேன் என்றே நினைத்தேன். மேலாளர் எதிராளியைப் பார்த்து, "புயல் அடிச்சிட்டுப் போச்சுன்னு வச்சுக்கலாமா?" என்றார்.

"வச்சுக்கலாம். ஆனா புயலே உட்கார்ந்து எல்லாத்தையும் நிறுத்தி வைக்கணும்."

உட்கார்ந்தேன். நிறுத்திவைத்த கையோடு பகடையும் உருட்டி, சாயங்காலம் வரை சண்டை போட்டுப் படுதோல்வி அடைந்தேன். இங்கே வந்த பிறகு யாருடனும் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

அடுத்த முறை போன் பேசும்போது டிவியை அணைக்காதே. அப்பா செய்தி வாசிப்பவரைத் திட்டுவதும் கொஞ்சம் காதில் விழட்டும்.

பேருந்து வந்துவிட்டது, ஏறுகிறேன்.

உன் மகள்