உன் மூன்றாவது பேத்தியின் பெயர்

என் போதும்பொண்ணு அக்கா,

நீ கண்ணை மூடிய பிறகு பிறந்தவள், உனக்கு மூன்றாவதும் பேத்திதான். உன் மூக்கு, உன் நெற்றி. அவளுக்குப் பெயர் வைத்த கதையை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? உன் மாணவிகளும் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

நம் வீட்டில் மூன்றாவதும் பெண்ணாய்ப் போனதால், இனிப் பெண் போதும் என்று சாமிக்குச் சொல்ல உனக்கு வைத்த பெயர் போதும்பொண்ணு. சாமி காதில் விழவில்லை. அடுத்து நான் வந்தேன். சேலத்தில் கல்லூரியில் சரித்திரம் நடத்தப் போன பிறகும் நீ அந்தப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அதனால்தானோ என்னவோ, பழைய கோயில் சுவர்களில் பெண்களின் பெயர்களைத் தேடித் தேடிப் படித்தாய்.

"அந்தக் காலத்துல பொம்பளைங்க ராணியாட்டம் இருந்தாங்க" என்று யாராவது சொன்னால் உனக்குக் கோபம் வரும். பஞ்சத்தில் பிள்ளைகளோடு தன்னையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவளின் பெயரும் கல்லில் இருக்கிறதே என்பாய். பல கல்லில் அதுகூட இல்லை. இன்னானின் மணவாட்டி, அவ்வளவுதான்.

ஒரு கல்லை மட்டும் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாய். கொற்றி என்ற ஒருத்தி, செத்துப்போன மகள் நங்கைக்காக கோயிலுக்கு ஆடுகள் கொடுத்து, அவற்றின் நெய்யில் அணையா விளக்கு வைத்திருந்தாள். மகள் எதனால் செத்தாள் என்று கல்லில் இல்லை. "பிரசவமாத்தான் இருக்கும் சாந்தி. என்னோட ஊகந்தான்" என்று சொல்லி அந்தப் பெயரை விரலால் தடவினாய்.

இப்போது உன் மருமகளுக்கு வருகிறேன். இந்தப் பிரசவத்தில் கவிதாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. இன்னொன்று உண்டானால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டரம்மா உன் மகன் குமாரிடமும் உன் வீட்டுக்காரர் மச்சானிடமும் நேராகவே சொன்னார். கையோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துவிடலாம் என்றதற்கு மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. குமார் தலையைக் குனிந்துகொண்டான்.

எடப்பாடியில் உன் வீட்டுக்குப் பெயர் வைக்கிற அன்று போனேன். சோசியர் சொன்ன பெயர் என்று 'சம்பூர்ணா' என்றார் மச்சான். கேட்க எவ்வளவு அழகாயிருக்கிறது பார். போதும் என்று வைக்க இந்தக் காலத்தில் கூச்சம், அதனால் நிறைந்துவிட்டது என்று வைக்கிறார்கள்.

"இந்தப் பேர வெச்சா அடுத்தது பையன்தான்னு சோசியர் சொல்லிட்டாருங்க" என்று மச்சான் வந்தவர்களிடம் சொன்னார். தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கவிதா தொட்டிலைப் பிடித்து நிறுத்தினாள்.

"மச்சான், டாக்டரம்மா சொன்னத மறந்துட்டீங்களா?" என்றேன். கொற்றியின் கல்லைப் பற்றியும் சொன்னேன். என்னால் நிறுத்த முடியவில்லை.

"கல்லுக் கதையெல்லாம் உங்கக்காளோட போச்சு. இது எங்கூட்டு விசயம். நீ வந்தமா, சாப்ட்டமான்னு போ."

பக்கத்துத் தறிக்கொட்டகையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்துவிடலாமா என்றிருந்தேன். அப்போது கவிதா குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"அத்தை, நீங்களே காதுல சொல்லுங்க. நங்கைன்னு."

"செத்தவ பேரயா எம்பேத்திக்கு வெக்கறது?" மச்சான் எழுந்து நின்றார்.

"ஆமாங்க மாமா. நானும் அப்படிச் சாக இருந்தவதான். இனியொண்ணு எனக்கு வேண்டாமுங்க." அவள் குரல் உயரவில்லை. ஆனால் வேறு யாரையும் பார்க்காமல் மாமனாரை மட்டும் பார்த்தாள்.

உன் மகன் வாய் திறப்பான் என்று எவ்வளவு நேரம் காத்திருந்தேன் தெரியுமா? அவன் பேசவில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையின் காதை மறைத்த துணியை விலக்கிவிட்டான். நான் சொன்னேன். மச்சான் சாப்பிடாமல் தறிக்கொட்டகைக்குப் போய்விட்டார்.

மறுமாதம் குமார் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தானே ஆபரேஷன் செய்துகொண்டு வந்தான். தெரிந்த நாளிலிருந்து மச்சான் அவனோடு பேசுவதில்லை. கவிதா வைத்த தட்டில் சோறு தின்பதில்லை. ஊரில் சிலர் உன் மகனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நீ இருந்திருந்தால் மச்சானை எப்படிச் சமாளித்திருப்பாய்? எனக்கு வழி தெரியவில்லை.

நேற்று போனபோது குழந்தை அழுதது. கவிதா கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மச்சான்தான் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். "பாப்பா, பாப்பா" என்றார். பெயர் இன்னும் அவர் வாயில் வரவில்லை. என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

அவர் மனம் மாறும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் ஆகாது. கவிதாவை அந்த வீட்டில் தனியாக விடமாட்டேன். அதை மட்டும் சொல்கிறேன். வாரா வாரம் பஸ் ஏறிப் போவேன். மச்சான் முகம் கொடுக்காவிட்டாலும் போவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன்.

உனக்கடுத்துப் பிறந்தவள்,
நங்கையின் சின்னப் பாட்டி,
சாந்தி