கேட்காமல் வெட்டிய மல்லிகை

டீச்சர்,

இன்று காலை மொட்டைமாடியில் வேப்பம்புண்ணாக்கு மூட்டையைப் பிரித்தேன். அந்தக் கசப்பு நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் தும்மல்தான் காதில் கேட்டது. வரிசையாக மூன்று தும்மல். பிறகு புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதத் தின்னுட்டு எப்படித்தான் இப்படி மணக்குதோ" என்று உங்கள் குண்டுமல்லிச் செடியைப் பார்த்துச் சொல்வீர்கள். மூட்டையை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முடிச்சூர் சாலையில் எங்கள் நிலத்தை அப்பா மனை போட்டு விற்றபோது எனக்கென்று ஒன்றை ஒதுக்கினார். பக்கத்து மனைக்கு நீங்கள் வந்தீர்கள். நீங்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்தீர்கள். நான் டெலிபோன் ஆபீஸில் வேலை. நடுவில் மார்பளவு காம்பவுண்டுச் சுவர். நீங்கள் புத்தகம் பார்த்து, ஸ்கேல் வைத்து அளந்து விதை ஊன்றுவீர்கள். நான் அப்பா பின்னால் வரப்பில் நடந்தபோது பார்த்ததை வைத்துக் கைக்கு வந்தபடி தூவுவேன். முளைத்தது என்னமோ இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான். அதை நீங்கள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பொங்கல் முடிந்த அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எட்டு மணி வரை பனி இருக்கும். உங்கள் பக்கம் டேலியாவும் ஜின்னியாவும், கம்பு ஊன்றி, நூல் கட்டி, அட்டென்ஷனில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி. என் பக்கம் சாமந்தியும் வேலியோரம் முழுக்க ஊதாவில் டிசம்பர் பூவும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடக்கும். "வாசமே இல்லாத பூவுக்கு இவ்வளவு கர்வம் ஆகாது, சுசீலா" என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கோயிலிலிருந்து வந்ததும் சுவரின் இரண்டு பக்கமும் டீ டம்ளரோடு நின்று மாசியில் என்ன போடுவது என்று திட்டம் போடுவோம். பரீட்சைத் தாளின் பின்பக்கம் நீங்கள் வரைந்த வரைபடத்தில் வெண்டைக்கு ஒரு நிறம், கொத்தவரைக்கு ஒரு நிறம், திசை காட்ட மூலையில் ஓர் அம்புக்குறி வேறு. பூசணியை மட்டும் சேர்க்கவே மாட்டீர்கள். அது என் பக்கத்திலிருந்து சுவரேறி உங்கள் வரைபடத்துக்குள் தானே வந்துவிடும்.

உங்கள் மகள் ஹெலனுக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஈஸ்டர் முடிந்த பத்தாம் நாள் கல்யாணம். அதற்குள் மல்லிகை நன்றாகப் பூக்க வேண்டுமென்றால் தை மாதத்திலேயே செடியின் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். நான் இரண்டு முறை சொன்னேன். இன்னும் நாலைந்து பூ பூக்கிறதே, பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டீர்கள். உங்களுக்குச் செடியை வெட்ட மனசு வரவில்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன். "தை பொறந்தா மல்லிய மொட்ட அடிச்சிடணும், பாவம் பாத்தா பூ கெடைக்காது" என்பது எங்கள் அப்பாவின் பேச்சு. பத்திரிகை கொடுக்க நீங்கள் எல்லோரும் திருநெல்வேலிப் பக்கம் போனபோது, தண்ணீர் ஊற்றச் சொல்லி கேட் சாவியை என்னிடம் கொடுத்தீர்கள். மறுநாளே அரிவாளோடு உள்ளே போனேன். முழங்கால் உயரத்துக்கு வெட்டி, இலைகளை உருவி, வேரைச் சுற்றிக் கொத்தி, எருவும் புண்ணாக்கும் வைத்தேன். வேலை முடிந்து நிமிர்ந்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நீங்கள் காலை ரயிலில் வந்து இறங்கினீர்கள். நான் சுவரோரம் காத்திருந்தேன், பாராட்டுவீர்கள் என்று. பெட்டியைக் கீழே வைக்காமலே அந்தக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"இன்னா டீச்சர், பாத்துகினே நிக்கிறீங்க? பங்குனில பாருங்க, எப்படிப் பூக்கப்போகுதுன்னு" என்றேன்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா, சுசீலா."

அவ்வளவுதான் சொன்னீர்கள். சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் வரவில்லை. எனக்கும் கோபம் வந்தது. நல்லது செய்தால் இப்படியா என்று வீட்டில் பாத்திரங்களிடம் காட்டினேன்.

நாலு நாள் கழித்து ஹெலன்தான் வந்து சொன்னாள். வெட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாமல் இல்லை. புத்தகத்தில் கோடு போட்டே வைத்திருந்தீர்களாம். ஆனால் சாம்பல் புதனன்று லெந்து என்கிற நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிவிட்டால் உங்கள் வீட்டில் ஈஸ்டர் வரை யாரும் பூ வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்தால் கல்யாணம், பிறகு அவள் வேலூர்க்காரி. நான் வெட்டியபோது சாம்பல் புதனுக்கு இருந்தது இரண்டு வாரம். "அதுவரைக்கும் தெனமும் நம்ம செடிப் பூவ என் தலையில வைக்கணும்னு அம்மாவுக்கு ஆச, ஆன்ட்டி. நாலு பூவானாலும் கட்டி வைப்பாங்க" என்றாள். அவள் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்க வந்தேன். கதவைத் திறந்தீர்கள், உட்காரச் சொன்னீர்கள், காப்பி கொடுத்தீர்கள், சரி விடு என்றீர்கள். ஆனால் முகம் சரியாகவில்லை. வெட்டினதை ஒட்ட வைக்க எனக்குத் தெரியாது. என்னிடம் இருந்தது டிசம்பர் பூ ஒன்றுதான். மறுநாள் விடிந்ததும் ஒரு முழம் நெருக்கமாகத் தொடுத்து, வாழை நாரை நனைத்து, சுவர் மேல் வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனேன். சாயங்காலம் அது அங்கேயே வாடிக் கிடந்தது. அடுத்த நாளும் வைத்தேன், அதுவும் கிடந்தது. மூன்றாம் நாள் காலை தாம்பரம் ஸ்டேஷனில் பீச் ரயிலுக்காக நின்றபோது, எனக்கு முன்னால் கூட்டத்தில் ஒரு பின்னல். அதில் ஊதா. ஹெலன் திரும்பிப் பார்த்து, "அம்மாதான் வச்சு விட்டாங்க" என்றாள். அன்றைக்கு நான் ஏறியது லேடீஸ் பெட்டியா, ஜென்ரலா என்றுகூடத் தெரியவில்லை.

சாம்பல் புதனுக்கு முந்தைய நாள் வரை தினமும் ஒரு முழம். நீங்கள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சுவர் மேல் வைத்தது காணாமல் போனதே போதும் என்று இருந்தது.

பங்குனியில் உங்கள் செடி என்ன செய்தது என்பதைச் சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். இலை தெரியவில்லை. அப்பாவே சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போனார். பூ வைக்காத வீட்டில், பூ வைக்காத நாற்பது நாளில், பூத்துக் கொட்டியது. இரண்டு நாள் நீங்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்ததைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் சுவருக்கு மேல் உங்கள் குரல் வந்தது.

"சுசீலா, ஒரு பாத்திரம் கொண்டா. பெருசா."

நான் இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதைப் பார்த்ததும் நீங்கள் சிரிக்கத் தொடங்கினீர்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. அப்புறம் தினமும் சாயங்காலம் நீங்கள் பறிக்க, நான் தொடுக்க, எங்கள் தெருவில் அந்த மாதம் பூ வாங்கினவர்களே கிடையாது. கீரை விற்க வருகிற அம்மா கூடையில் கீரையைவிட உங்கள் மல்லிகைதான் அதிகம் திரும்பிப் போனது. நீங்கள் மட்டும் ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. முகர்ந்து பார்ப்பதில் பாவமில்லை என்று நான் சொன்னதற்கு, "அதெல்லாம் போதகர்கிட்ட கேக்கணும்" என்றீர்கள்.

கல்யாணத்தன்று செடி சற்றே ஓய்ந்திருந்தது. நாம் இரண்டு பேரும் டார்ச் அடித்து, இலை இலையாக விலக்கித் தேடி, விடியற்காலையில் ஒரு முழத்துக்குத் தேற்றினோம். மற்றதெல்லாம் கடைப்பூ. ஹெலன் தலையில் அந்த ஒரு முழத்தை மட்டும் உள்ளே, கழுத்தோரம், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் செருகினீர்கள்.

அதற்கடுத்த தை மாதம் நீங்களே அரிவாளை நீட்டி, "நீ வெட்டு. நான் பாக்கல" என்று உள்ளே போய் ரேடியோவைப் பெரிதாக வைத்துக்கொண்டீர்கள். பிறகு எத்தனையோ தை. ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் வெட்டினேன். சில வருஷம் வேண்டாம் என்றீர்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

நீங்கள் போய் இது மூன்றாவது தை, டீச்சர். ஹெலன் இப்போது உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். செடியும் இருக்கிறது, அடிமரம் என் மணிக்கட்டுப் பருமன். நேற்று அரிவாளைத் தீட்டிக்கொண்டு போய், வெட்டட்டுமா என்று கேட்டேன். அவள் செடியைப் பார்த்தாள். மேலே ஏழெட்டுப் பூ இருந்தது.

"இன்னும் ரெண்டு வாரம் போகட்டுமா ஆன்ட்டி? என் பொண்ணு லீவுல வந்திருக்கா."

அப்பா இருந்தால் திட்டுவார். பங்குனிப் பூ சித்திரைக்குப் போய்விடும். போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்புடன்,
சுசீலா