பெற்றோர் கூட்டத்தில் தண்ணீர் ஆனோம்

என் மேரிக்கு,

கல்லறைத் திருநாள் வரைக்கும் பொறுத்திருந்து சொல்ல முடியாத சேதி இது. நம் ஜெனி சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் ஆகிவிட்டாள். தினமும் முதுநகரிலிருந்து பஸ்தான். நடையும் பேச்சும் அப்படியே நீ. கோபம் மட்டும் என்னுடையது என்று சொல்லிக்கொள்கிறேன். நீ மறுக்கவா போகிறாய்?

அணுக்கள் எப்படிச் சேருகின்றன என்று ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளைகளை நிற்க வைத்தே காட்டியிருக்கிறாள். ஆக்சிஜனுக்கு இரண்டு கை, ஹைட்ரஜனுக்கு ஒரு கை. இரண்டு ஹைட்ரஜன் ஆளுக்கொரு பக்கமாக ஆக்சிஜனின் கையைப் பிடித்தால் தண்ணீர்.

ஆக்சிஜனாக நின்ற பெண்ணின் அப்பா மறுநாளே வந்துவிட்டார். “அந்தத் தெருப் பையன் கையப் புடிக்கவா எம் பொண்ண அனுப்புறேன்?” பெற்றோர் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், இனிமேல் படம் வரைந்து நடத்துங்கள் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். “தொணைக்கு வாப்பா” என்றாள். போனேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் எழுந்தாள் என்று நினைத்தேன். “நான் என்ன நடத்துனேன்னு ஒரு தடவ பாத்துடுங்க. அப்பறமும் தப்புன்னா மன்னிப்பு கேட்டுக்கறேன். ஹைட்ரஜனா நிக்க யாராச்சும் வாங்க” என்றாள். ஒருவரும் அசையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மறுகையை நீட்டியபடி போய் நின்றேன். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது, மேரி. நீ இருந்திருந்தால் ஓடி வந்து பிடித்திருப்பாய்.

பிடித்தது யார் தெரியுமா? அந்த அப்பாவின் மனைவி. “நான் ஆக்சிஜனா நிக்கறேன்” என்று வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, மறுகையை நீட்டி, “ஏங்க, இந்தப் பக்கம் காலியா கெடக்குது, வாங்க” என்றார். பெண்டாட்டி அடுத்தவன் கையைப் பிடித்து நிற்கும்போது மனுஷன் உட்கார்ந்திருப்பாரா? வந்தார்.

“நேரா நிக்காதீங்க சார். தண்ணி வளைஞ்சுதான் இருக்கும். ரெண்டு பேரும் கொஞ்சம் முன்னால வாங்க” என்றாள் ஜெனி. வளைந்ததில் அவர் முகமும் என் முகமும் எதிரெதிரே வந்துவிட்டன. யாரும் யாரிடமும் எதையும் பிடுங்குவதில்லை, ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பொதுவில் வைத்துக்கொள்கிறார்கள், அதுதான் பிணைப்பு என்று அவள் விளக்கிக்கொண்டிருந்தாள். இவர் குரலைத் தாழ்த்தி, “நீங்க எந்த ஊரு? எந்தத் தெரு?” என்றார். அது எதற்கான கேள்வி என்று நமக்குத் தெரியாதா?

“டீச்சரோட அப்பா” என்றேன், கூட்டத்துக்கே கேட்கும்படி.

அவர் மனம் மாறினாரா, தெரியாது. ஆனால் மன்னிப்பைப் பற்றி அதன்பிறகு ஒருவரும் பேசவில்லை. அடுத்த பாடம் கார்பனாம், அதற்கு நாலு கை. “நடத்துங்க” என்று தலைமையாசிரியரே சொல்லிவிட்டார். எனக்கு வந்த பெருமையை வீட்டில் யாரிடம் சொல்வது? அதுதான் உனக்கு எழுதுகிறேன்.

நம் பெண்ணை யார் முன்னாலும் தனியாக நிற்க விடமாட்டேன், மேரி. எவர் கையும் வராத இடத்தில் என் கை இருக்கும்.

உன் வீட்டுக்காரன்,
சவரிமுத்து